குருவிகள் கொண்டுபோன ‘நம்ம’

உடையடிக்குறிச்சியில் ‘நம்ம’ என்ற வார்த்தை காணாமல் போனதை முதலில் கண்டுபிடித்தவர் மைக் செட் நம்பிராஜன்தான். ஊரில் அந்த வார்த்தையை வைத்துப் பிழைப்பு நடத்தியவர் அவர் ஒருவர்தானே. சாவு, சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், குழாயில் தண்ணீர் வராத நாள், காணாமல் போன வெள்ளாடு, எதுவானாலும் ஆட்டோ கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, ‘நமது ஊர்ப் பொதுமக்களுக்கு’ என்று அவர் இழுத்து ஆரம்பித்தால் அடுப்பில் பால் வைத்தவளும் வாசலுக்கு வந்து நிற்பாள். செத்தவர் ஊருக்கே ஆகாதவராக இருந்தாலும் அந்த ஒரு ‘நமது’வுக்காகக் கொஞ்ச நேரம் எல்லோருக்கும் வேண்டியவராகிவிடுவார். இத்தனைக்கும் நம்பிராஜன் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் வரத்தன். அன்று காலை கீழத்தெருவில் ஒரு சாவு. அவர் மைக்கை உதட்டருகே பிடித்து, செருமி, வாயைத் திறந்தார். ‘எங்கள் ஊர்ப் பொதுமக்களுக்கு’ என்று வந்தது. மறுபடி செருமினார், மறுபடியும் ‘எங்கள்’தான். எந்த ஊர்ச் செய்தியை எந்த ஊரில் வந்து சொல்கிறான் இவன் என்று சன்னல்கள் திறந்தன. திறந்தவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள், யாருக்கும் வரவில்லை. நாக்கு ‘நம்ம’வைத் தேடிப்போய் ‘எங்க’வை எடுத்துக்கொண்டு வந்தது.

முந்தின நாள் சாயங்காலம்தான் சூறைக்குருவிகள் கிளம்பிப் போயிருந்தன. ஐப்பசியில் எங்கிருந்தோ, பனி விழும் மலைகளையெல்லாம் தாண்டி, ரோஜாப்பூ நிற உடம்பும் கறுத்த தலையுமாக வந்து இறங்கி, பெரிய குளத்து உடைமரங்களில் அடைந்து, பகலெல்லாம் காட்டில் வெட்டுக்கிளி தின்று, பொழுது சாயும்போது வானத்தில் புகையாகச் சுருண்டு விரிந்து, பங்குனி வெயில் ஏறியதும் வந்த வழியே போய்விடும் குருவிகள் அவை. மைனாவுக்குச் சொந்தம் என்பதால் கேட்ட சத்தத்தைத் திருப்பிச் சொல்லும் புத்தியும் உண்டு. அந்த வருடம் போவதற்கு முந்தைய சாயங்காலங்களில் அவற்றின் இரைச்சலுக்குள் ‘நாம நாம நாம’ என்று கேட்டதாகப் பிற்பாடு பலர் சத்தியம் செய்தார்கள். கேட்டபோது அவர்களெல்லாம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீயை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊரில் எதற்கும் கிடையாது. ஆகவே குருவிகள்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டன என்று மத்தியானத்துக்குள் முடிவாயிற்று, போனது ஐப்பசியில் திரும்பி வரும் என்பதும் சேர்த்தே முடிவாயிற்று, பிணத்தை எடுத்துவிட்டு வந்து எல்லோரும் குளித்துச் சாப்பிட்டார்கள்.

நம்பிராஜனுக்கு மட்டும் அன்றைக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்கிற மாதிரியான சந்தோஷம். அதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. பெயர் பேச்சியம்மாள், ஆறாம் வகுப்பு. தை மாதம்தான் அவர் பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் செண்பகத்தைக் கல்யாணம் செய்துகொண்டு நடுத்தெருவில் அவள் வீட்டுக்கே குடிவந்திருந்தார். செண்பகத்தின் முதல் புருசன் லாரி விபத்தில் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. பேச்சி இறந்துபோனவருடைய மகள். குலதெய்வத்தின் பெயரை வைத்தார்களே தவிர, நம்பிராஜனிடம் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அப்பா என்று வேண்டாம், மாமா என்றாவது சொல்லலாம். அவளோ எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், ‘அம்மா சாப்பிட வரச் சொல்லுது’ என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறொன்று. ‘எங்க வீட்டு நடையில செருப்பக் கழத்திப் போடக் கூடாது.’ ‘எங்க வீட்டு நாய்க்குப் புது ஆளப் பிடிக்காது.’ ‘எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் கறி.’ அவள் கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த ‘எங்க’ ஒவ்வொன்றும், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனுஷனை எழுப்பித் தெருவில் கொண்டுபோய் நிறுத்தியது. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ‘நமது’ விநியோகம் செய்துவிட்டு வருகிறவருக்குத் தன் வீட்டில் ஒரேயொரு ‘நம்ம வீடு’ கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. வேறு எதற்கும் அவர் ஆசைப்படவில்லை.

அவளாக வருவாள், விரட்டிப் பிடிக்க வேண்டாம் என்று செண்பகம் சொல்லியிருந்தாள். முழுப் பரீட்சை லீவுக்குள் அந்த வார்த்தை வந்துவிடும் என்று இவர் மனதுக்குள் நாள் குறித்திருந்தார். அதற்குள் குருவிகள் முந்திக்கொண்டன. அன்று ராச்சாப்பாட்டின்போது பேச்சி, எங்க வீட்டு உப்புத் தண்ணியில பருப்பு வேகாது என்று சொன்னாள். நம்பிராஜன் தலையை ஆட்டிக்கொண்டு இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ஊருக்கே வராத வார்த்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படி வரும்? இனி அவள் ‘எங்க’ என்றால் அது குருவிகளின் குற்றம். ஒருவேளை அவள் ‘நம்ம’ என்று சொல்லத்தான் வாயெடுத்தாளோ என்னவோ, யார் கண்டது?

தமிழில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்தான், ஆனாலும் பறிகொடுத்தவன் எதைப் பறிகொடுத்தான் என்று சொல்லித்தானே ஆகவேண்டும். கேட்பவரையும் கூட்டிக்கொண்டால் நாம், கேட்பவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். இந்தக் கதவு இல்லாத பெரிய பெரிய மொழிகள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான், சினிமாவுக்குப் போகிறோம் என்று ஒருவன் சொன்னால் கூப்பிடுகிறானா டாட்டா காட்டுகிறானா என்று அவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உடையடிக்குறிச்சி இப்போது அந்த நிலைமைக்கு வந்துவிட்டது, அதைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் மிஞ்சியது வெளியே நிறுத்துகிற வார்த்தை மட்டும்தான். போவோம், வருவோம் என்று வினையின் வால் மட்டும் நாக்கில் இருந்தது. பல்லி போட்டுவிட்டுப் போன வால் மாதிரி அது தனியே துடித்ததே தவிர உதவவில்லை. ‘போவோம்’ என்றால் ‘யாரு?’ என்று கேட்டார்கள்.

முதலில் வைத்தியம் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர், பழைய தமிழில் ‘யாம்’ என்று ஒன்று இருக்கிறது, அதை எடுத்து உபயோகிக்கலாமே என்றார். இரண்டு நாள் சொல்லிப் பார்த்ததில் டீக்கடை முழுக்க ராஜபார்ட் வேஷக்காரர்கள் உட்கார்ந்திருப்பது போலாயிற்று, அதோடு அந்த யாமும் கேட்பவரைச் சேர்க்காத யாம்தான் என்று டீச்சரே புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து வருத்தப்பட்டார். இளவட்டங்கள் ‘வீ’யை இறக்குமதி செய்தார்கள், அது எங்கள் ஊர் வெயிலுக்குத் தாங்கவில்லை. மீன் ஏற்றப் போகும் மலையாளத்து லாரிக்காரர் வழியில் டீ குடிக்க இறங்கி, சர்வ சாதாரணமாக ‘நம்மள்’ என்று பேசினார். கூட்டம் கூடி அவர் வாயையே பார்த்தது, ஒருத்தர் அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு வடை வாங்கிக் கொடுத்தார், ஆனால் அவர் சொன்னது அவர் வாயோடு லாரி ஏறிப் போய்விட்டது.

அப்புறம் பழகிக்கொண்டார்கள். நீயும் நானும் என்று ஆள் சொல்லிப் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் என்றால் சரி, ஊர்க் கூட்டத்தில் என்ன செய்வது? பெரிய குளத்து மடையைப் பழுது பார்ப்பது பற்றிப் பேச எழுந்த பிரெசிடெண்ட், நீங்களும் நானும், மேலத்தெருவும் கீழத்தெருவும், வந்தவரும் வராதவரும், பட்டாதாரரும் குத்தகைக்காரரும், சொசைட்டிக்காரர்களும் அங்கன்வாடி டீச்சரும் என்று அடுக்கிக்கொண்டே போய், வாக்கியம் வினைச்சொல்லைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அதிலும் பெயர் விட்டுப்போனவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியேறினார், அவரைச் சமாதானப்படுத்தப் போனவர் தன் பெயரும் விட்டுப்போனதைப் பாதி வழியில் உணர்ந்து திரும்பவில்லை. மடை அப்படியே கிடந்தது. சாமியிடம் மட்டும் எந்தச் சிக்கலும் வரவில்லை. எங்களைக் காப்பாத்து தாயே என்றுதான் அன்றும் இன்றும் கும்பிடுகிறோம். சாமியையும் சேர்த்து ‘நம்மைக் காப்பாத்து’ என்று எவனும் கேட்பதில்லை. கோயிலிலும் மாதா கெபியிலும் பள்ளிவாசலிலும் கூட்டம் அதிகமானதற்கு, உட்கார்ந்து தடங்கலில்லாமல் பேச வேறு இடம் இல்லாததுதான் காரணமோ என்னவோ.

ஆனால் ஆனி பிறந்து கொடை வந்தபோது பழக்கம் பல்லிளித்தது. எங்க அம்மன் என்று மேலத்தெரு சொன்னது, எங்க அம்மன் என்று கீழத்தெரு சொன்னது. எல்லாருக்கும் தெரியும் வேறு வார்த்தை கையில் இல்லை என்று; தெரிந்தும் காது சுட்டது. அதைவிடக் கொடுமை, காலங்காலமாக ‘எங்க’ என்று சொல்ல ஆசைப்பட்டு ஊருக்குப் பயந்து ‘நம்ம’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் உண்டு, அவர்கள் இப்போது கூச்சமே இல்லாமல் சொன்னார்கள், கேட்டால் குருவியைக் கைகாட்டினார்கள். யார் வேண்டுமென்றே சொல்கிறார், யார் கதியில்லாமல் சொல்கிறார் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லாததால், அண்ணன் தம்பி, மாமன் மச்சான், கல்யாணமாகி ஒரு மாதமான புருசன் பெண்டாட்டி, எல்லோரும் அடுத்தவர் வாயைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அதிகம் அடிபட்டவர் பஸ் ஸ்டாப்பில் ‘நம்ம டீ ஸ்டால்’ வைத்திருந்த கூத்தபெருமாள். போர்டில் எழுத்து அப்படியேதான் இருந்தது, படிப்பவர் கண் மட்டும் முதல் வார்த்தையில் நிற்காமல் வழுக்கியது. எங்க கடையில டீ குடிச்சிட்டுப் போங்க என்று அவர் மனதாரத்தான் கூப்பிட்டார். ஒங்க கடைன்னா நீரே குடியும் வே என்று விட்டுவிட்டுப் போனார்கள். பெஞ்சுகள் காலியாயின.

ஆவணி வந்ததும் ஊருக்கே இருப்புக்கொள்ளாமல் போயிற்று. உட்கார்ந்தவர் எழுந்தார், எழுந்தவர் எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். பெண்கள் பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்திவிட்டுத் திருப்தியில்லாமல் திரும்ப நகர்த்தினார்கள். வேலையே இல்லாதவர்கள் பஸ் ஏறி வள்ளியூர் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினார்கள். வெயில் தாழ்ந்ததும் ஆளாளுக்குத் தனித்தனியாகக் குளத்துக் கரைக்குப் போய், வடக்குப் பார்த்து நின்று, வானத்தில் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினார்கள். சேர்ந்து போகலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் எப்படிச் சொல்வார்கள்.

இதற்கும் பேச்சியிடம் ஒரு தகவல் இருந்தது. அந்தப் பிள்ளைக்குத் தகவல் பைத்தியம். பள்ளிக்கூட நூலகத்தில் கிடைப்பது, செண்பகத்தின் போனில் கிடைப்பது, பொட்டலம் மடித்த காகிதத்தில் கிடைப்பது எல்லாம் அவள் தலைக்குள் போய்விடும். அவளுக்கும் நம்பிராஜனுக்கும் நடுவில் ஒரு பாதை திறந்ததும் இதனால்தான். கோடை லீவில் ஒருநாள் அவர் ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கையில், ஆக்டோபஸுக்கு இதயம் மூணு என்று அவள் சுவரிடம் சொன்னாள். மூணும் ஒரே நேரத்தில வலிக்குமோ என்று இவர் கேட்டார். அவள் முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தகவல் வந்தது. ஒட்டகச்சிவிங்கிக்கும் மனுஷனுக்கும் கழுத்தெலும்பு எண்ணிக்கை ஒன்று. பூமியில் மரம் முளைப்பதற்கு முன்னாலேயே கடலில் சுறா இருந்தது. வெள்ளைக்காரன் கடலில் மிதக்க விடுகிற கட்டமரானுக்குப் பெயர் வைத்தது இங்கத்திக் கட்டுமரம். நம்பிராஜனும் சும்மா இருக்கவில்லை, சவாரி போகிற இடத்தில் படித்தவர்களைக் கண்டால் உங்களுக்கு விலங்கு பத்தி ஏதாச்சும் தெரியுமா என்று கேட்டு வாங்கி வந்தார், அவற்றில் பாதியைப் பேச்சி தப்பு என்று தள்ளினாள். அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. ஆக்டோபஸிலும் சுறாவிலும் ‘நம்ம’வும் இல்லை, ‘எங்க’வும் இல்லை.

ஆவணியின் தகவல் இது: ஊர்விட்டு ஊர் போகிற குருவியைக் கூண்டில் அடைத்து வைத்தாலும், புறப்படுகிற பருவம் வந்துவிட்டால் அதற்கு இருப்புக்கொள்ளாது, போகவேண்டிய திசையைப் பார்த்தே தத்திக்கொண்டிருக்கும், ஜெர்மன்காரர்கள் அதற்கென்று தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னாள். வானத்தில் அத்தனை குருவிகள் ஒன்றோடொன்று முட்டாமல் சுழல்கிறதே, அதில் தலைவன் கிடையாது, ஒவ்வொரு குருவியும் தன் பக்கத்திலிருக்கும் ஆறேழு குருவிகளை மட்டும் கவனித்துப் பறக்கும், அவை வேறு ஆறேழு குருவிகளை. நம்பிராஜன் அதை வெகுநேரம் யோசித்தார். தன்னைக் கவனித்துப் பறக்கிறவர் யார் என்று கேட்க நினைத்து, கேட்காமல், குருவி எப்ப வரும் என்று கேட்டார். ஐப்பசி என்றாள். அவள் குரலில் ஆசை இருந்தது.

அன்றுதான் அவர் நிம்மதி போயிற்று. ஊரெல்லாம் துடித்துக்கொண்டிருந்த மாதங்களில் நிம்மதியாகச் சோறு தின்றவர், ஊர் குருவிக்காகக் காத்திருக்க ஆரம்பித்ததும் துடிக்க ஆரம்பித்தார். வார்த்தை திரும்பிவிட்டால் சாக்கு போய்விடும். அவள் வாயில் இரண்டு வார்த்தையும் இருக்கும், ஒன்றை அவளே எடுப்பாள், எடுத்ததற்குக் குருவியைக் கைகாட்ட முடியாது. ‘எங்க வீடு’ என்று அவள் சொல்லிவிட்டால்? இத்தனை மாதமாக ஒவ்வொரு ‘எங்க’வையும் ‘நம்ம’ என்று மாற்றி மாற்றிக் கேட்டு வயிற்றை நிரப்பியிருந்தார். அத்தனையும் பொய்க்கணக்கு என்றாகிவிட்டால் அந்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றுவது? புரட்டாசி முழுக்க அவர் தூங்கவில்லை. மழை வராமல் போய்விட்டால் குருவி வராதாமே என்று கடையில் விசாரித்தார். செண்பகம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“வார்த்த வந்தா தெரிஞ்சுபோயிரும்னு பயப்படுதிய, அப்படித்தானே?” என்று ஒருநாள் பால் கேனைக் கழுவியபடியே கேட்டாள்.

அவர் அடுத்த கேனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“நானும் பயப்படுதேன். ஆனா தெரியாமலே எத்தன நாளைக்கு இருக்க?”

எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் நம்பிராஜனின் பதில், அதை மனதோடு வைத்துக்கொண்டு ஆட்டோவைத் துடைக்கப் போனார்.

ஐப்பசி பிறந்ததும் ஊர் வரவேற்புக்குத் தயாரானது. ஆறு மாதமாகச் செய்யாத மடை வேலையை நாலு நாளில் செய்து முடித்தார்கள். கரையில் கொடி கட்டினார்கள். குருவிகள் வந்து இறங்கியதும் ஆளுக்கொரு தடவை மைக்கில் ‘நம்ம’ சொல்லிப் பார்ப்பதாக ஏற்பாடு, முதலில் சொல்லும் உரிமை கூத்தபெருமாளுக்கு, நஷ்டப்பட்டவர் என்பதால். குழாய் ஸ்பீக்கர் கட்டுவதற்கு நம்பிராஜனைச் சொல்லியிருந்தார்கள். வேறு யாரைச் சொல்வது, ஊரில் இருப்பது ஒரே மைக் செட். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, மத்தியானமே ஆட்டோவைக் கரைக்கு ஓட்டிவந்து, ஒரு குழாயை வடக்குப் பார்த்தும் ஒன்றைக் கிழக்குப் பார்த்தும் பெரிய உடைமரத்தில் கட்டினார். கூட்டம் வெயில் தாழ்ந்து வருவதாக இருந்தது. குருவிகள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டன.

முதலில் வடக்கே ஒரு கறை. அது நீண்டு, மடிந்து, விரிந்து, குளத்தின் மேல் வந்து சரிந்தபோது அதன் சத்தமும் வந்தது. நம்பிராஜனுக்கு அந்தச் சத்தத்துக்குள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருகினார். மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் குழாயின் வாய்க்கு நேரே பிடித்தார். மைக் செட்காரர்கள் ஆயுசு முழுக்க எந்தச் சத்தம் வந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்து வேலை செய்வார்களோ, காதைக் கிழிக்கும் அந்தக் ‘கீ’ சத்தம் குளம் முழுக்கப் பாய்ந்தது. மரத்தில் கால் வைக்கப்போன கூட்டம் சிதறி மேலே போயிற்று. திரும்பக் கூடிக் கீழே வந்தது, அவர் திரும்பப் பிடித்தார். போங்கள், வேறு குளத்துக்குப் போங்கள், வேறு ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் அந்த வார்த்தையை என்று அவர் வாய் முணுமுணுத்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. குருவிகள் போகவும் இல்லை, இறங்கவும் இல்லை, தலைக்கு மேலே சுழன்றுகொண்டே இருந்தன.

சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது. கூத்தபெருமாள் டீ ஆற்றிய கையோடு முன்னால் ஓடிவந்தார், பின்னால் பிரெசிடெண்ட், தமிழ் டீச்சர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், அதில் பையை முதுகில் மாட்டியபடி பேச்சி. கூத்தபெருமாள் வந்த வேகத்தில் நம்பிராஜனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துச் சுழற்றியதில் மைக் கையிலிருந்து நழுவிக் கரைப்புல்லில் விழுந்தது. கீச்சு நின்றது.

“நம்ம குருவிய வெரட்டுததுக்கு நீ யாருல?”

சொன்ன பிறகுதான் அவர் தன் வாயில் வந்தது என்ன என்று கவனித்தார். காலரை விடாமலே வாயைப் பிளந்து நின்றார். சுற்றி நின்றவர்கள் உதட்டை அசைத்தார்கள். நம்ம. நம்ம குளம். நம்ம கடை. ஒருவர் பின் ஒருவராக, நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு முதல் வாய்க் கஞ்சியை ருசி பார்க்கிறவர்கள் போல, சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். பிரெசிடெண்ட் அழுதேவிட்டார். மேலத்தெருக்காரன் கீழத்தெருக்காரன் தோளில் கைபோட்டான்.

சந்தோஷத்தோடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. அத்தனை மாதப் படபடப்பும் எங்காவது இறங்க வேண்டியிருந்தது, இறங்குவதற்கு நம்பிராஜன் கைவசம் இருந்தார். நம்ம ஊரு சோத்தத் தின்னுக்கிட்டு நம்ம குருவிய வெரட்டுதான் பாரு என்று ஒரு குரல். வரத்தன் புத்தி அப்படித்தான் என்று ஒரு குரல். நம்ம ஆளா இருந்தா செய்வானா என்று பல குரல்கள். வார்த்தை திரும்பி வந்து முழுசாக மூச்சுவிடக்கூட இல்லை, அதற்குள் ஒரு ஆளை வெளியே நிறுத்தும் வேலைக்கு அதை அமர்த்திவிட்டார்கள். இதற்கா இத்தனை நாள் வானத்தைப் பார்த்தோம் என்று எனக்கு அன்று வெட்கமாக இருந்தது, ஆனால் நானும் ஒன்றும் பேசவில்லை. யாரோ ஆம்ப்ளிஃபையரைக் குளத்தில் எறியச் சொன்னார்கள். நம்பிராஜன் தடுக்கவில்லை. அவர் கூட்டத்தையே பார்க்கவில்லை, பேச்சியை மட்டும் பார்த்தார். இப்போது அவளுக்கும் வந்திருக்கும், அவள் வாயிலும் இப்போது இரண்டும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புல்லில் கிடந்த மைக்கை, மிதிபட்டுவிடும் என்பதற்காகக் குனிந்து எடுத்தாள். அது அணைக்கப்படாமல் இருந்தது அவளுக்குத் தெரியாது.

“கூத்தபெருமாள் மாமா, எங்கப்பா சட்டையில இருந்து கைய எடுங்க.”

இரண்டு குழாய்களும் அதை வாங்கிக் குளத்தின் மேலும் ஊரின் மேலும் சொல்லின. எங்கப்பா என்று வடக்கே போயிற்று, எங்கப்பா என்று கிழக்கே போய்ப் பால் சொசைட்டிச் சுவரில் மோதியது. ‘நம்ம’ கையிலிருக்கும்போது அவள் எடுத்தது ‘எங்க’. அந்த ‘எங்க’வுக்குள் அவளும் அவள் அம்மாவும் இந்த மனுஷனும் இருந்தார்கள், பிரெசிடெண்ட், கூத்தபெருமாள், மேலத்தெரு, கீழத்தெரு, நான், ஊர் மொத்தமும் வெளியே நின்றோம். கூத்தபெருமாள் காலரை விட்டார், விட்டதோடு நிற்காமல் கசங்கிய இடத்தைத் தடவியும் விட்டார்.

நம்பிராஜன் குனிந்த தலையை நிமிர்த்தினார். பேச்சி அவரைப் பார்க்கவில்லை, மைக்கைத் திருப்பித் திருப்பி அணைக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே குருவிகள் ஒருமுறை முழு வட்டம் சுற்றி உடைமரங்களில் சரசரவென்று இறங்க ஆரம்பித்தன.

“வயரச் சுத்துங்கப்பா,” என்றாள். “அம்மா தேடும்.”

அவர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். அது திரும்பத் திரும்பச் சிக்கல் விழுந்தது. அவள் பையை இறக்கிக் கரையில் வைத்துவிட்டு, வயரின் அந்த முனையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.